கார்வே கோயில் புல்லில் ஒரு வட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பாதியிலேயே நீ கிளம்ப வேண்டியதாகிவிட்டது, அதான் மீதியை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கார்வே போனோம். ஹெரிஃபோர்டுக்குத் தெற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய சின்ன ஊர். அங்கே டெம்ப்ளர்கள், அதாவது சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்கள், கட்டிய தேவாலயம் இருக்கிறது.

உள்ளே போவதற்கு முன்னால் வடக்குச் சுவருக்கு வெளியே போய்ப் பார். புல்லுக்கு நடுவே கல் வரிசை ஒன்று வளைந்து போகும். அதுதான் அவர்கள் முதலில் கட்டிய வட்டக் கூடத்தின் அடித்தளம், 1927-இல் தோண்டியபோது வெளிப்பட்டது. ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைமேல் எழுப்பிய வட்டக் கோயிலை மனதில் வைத்து, இவ்வளவு தூரத்தில், மழை விடாத இந்த மலைச்சரிவில், அதே வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது. பிற்பாடு வட்டத்தை எடுத்துவிட்டு நீளக் கூடமாக்கிவிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் இருக்கும் பழைய வளைவு மட்டும் அப்படியே நிற்கிறது, பல் பல்லாகச் செதுக்கிய கல், ஓரத்தில் கொம்பு வைத்த ஒரு முகம். அம்மா அதைவிட்டு நகரவே இல்லை. கோபுரம் முதலில் தனியாக நின்றதாம், அப்புறம்தான் ஒரு நடையால் இணைத்தார்கள். அதனால்தான் அது கோயிலோடு நேராகச் சேராமல் கோணலாக நிற்கிறது.

டெம்ப்ளர் என்றாலே புதையல், ரகசியம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை பாப்பா. இங்கே இருந்தவர்கள் நிலத்தையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டு, வருமானத்தில் ஒரு பங்கைக் கிழக்கே நடந்த சிலுவைப் போருக்கு அனுப்பியவர்கள். 1308 ஜனவரியில் மன்னர் இரண்டாம் எட்வர்டின் ஆட்கள் இங்கிலாந்தில் இருந்த டெம்ப்ளர்களைப் பிடித்தபோது, அகப்பட்டவர்களில் வாள் பிடித்தவர்கள் குறைவு, வயதான பண்ணைக்காரச் சகோதரர்கள்தான் அதிகம். அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. 1312-இல் போப் ஐந்தாம் கிளமெண்ட் சபையையே கலைத்து, சொத்தை ஹாஸ்பிட்டலர்கள் என்ற இன்னொரு துறவி வீரர் சபைக்குக் கொடுத்தார்.

கோயிலுக்குப் பக்கத்துப் பண்ணையில் 1326-இல் அந்த ஹாஸ்பிட்டலர்கள் கட்டிய புறா மாடம் இன்னும் இருக்கிறது. வட்டமான கல் கட்டடம், உள்சுவர் முழுக்கப் பொந்துகள், 666 என்று சொல்கிறார்கள். குளிர்காலத்தில் இறைச்சி வேண்டும், வயலுக்கு எரு வேண்டும், அதற்குத்தான். போரும் ஜெபமுமாக இருந்தவர்கள் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதை நம்பிப் பிழைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் புரிந்தது. அவர்களையும் 1540-இல் மன்னர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தில் கலைத்துவிட்டார்.

மாடம் தனியார் நிலத்தில் இருக்கிறது, முன்கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஈஸ்டருக்கு எந்த நாள் வருகிறாய் என்று சொல், நான் கேட்டு வைக்கிறேன். நல்ல பூட்ஸ் எடுத்து வா, புல்லெல்லாம் ஒரே சேறு.

அன்புடன்,
அப்பா