ஃபாக்வெர்க் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளே,

ஜெர்மனியின் சிறு நகரங்களில் ஃபாக்வெர்க் வீடுகளை, அதாவது மரச்சட்டம் நிறுத்தி இடையே களிமண் அடைத்துக் கட்டிய பழைய வீடுகளை, வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பழைய வீடுகளுக்குக் களிமண் பூசும் வேலை என்னுடையது. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சுவர்களில் சீமெந்தைத் தொடவிடாதீர்கள்.

முதலில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஹார்ஸ் மலையடிவாரத்தில் க்வெட்லின்பூர்க் என்ற ஊர். அங்கே வோர்ட்காசே 3 என்ற விலாசத்தில் ஒரு சிறிய வீடு நிற்கிறது. மர வளையங்களை ஆராய்ந்து, அதன் மரங்கள் 1347 வாக்கில் வெட்டப்பட்டவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அரண்மனையோ தேவாலயமோ அல்ல, ஆட்கள் குடியிருந்து சமைத்துத் தூங்கிய வீடு. 1960கள் வரைக்கும் அதில் ஆள் இருந்தது. இப்போது ஃபாக்வெர்க் அருங்காட்சியகம். போய்ப் பார்த்தால், அதன் தூண்கள் நிலத்திலிருந்து கூரை வரை ஒரே மரமாக ஓடுவதைக் காணலாம். மாடிக்கு மாடி தனித்தனிச் சட்டமாக வைத்துக் கட்டும் முறை பிறகுதான் பரவியது. அதற்குக் குட்டை மரங்களே போதும். மேல்மாடி தெருப் பக்கமாகச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் அந்தப் பிந்திய முறையில் கட்டியவை.

கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அந்த ஊரின் பழைய தெருக்கள் பராமரிக்க வழியில்லாமல் பாழடைந்தன, பல வீடுகள் இடிக்கப்பட்டன. போலந்திலிருந்து வந்த கைவினைஞர்கள் சிலவற்றைத் திருத்திக் காப்பாற்றினார்கள். 1989க்குப் பிறகுதான் மிச்சமிருந்தவற்றுக்கு உயிர் வந்தது. 1994இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2,000க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஆறரை நூற்றாண்டு மழைக்கும் பனிக்கும் ஒரு மரவீடு எப்படித் தாக்குப்பிடித்தது? அதன் கட்டுமானத்தில்தான் பதில் இருக்கிறது. ஓக் மரத்தைப் பச்சையாகவே செதுக்கி, பொளியும் நாக்குமாகப் பொருத்தி, மர ஆணி அடித்து இறுக்குவார்கள். எந்தத் துண்டு எங்கே போகும் என்பதற்குத் தச்சர் உளியால் கோடு வெட்டி அடையாளம் வைப்பார். உங்கள் வீட்டு மரங்களில் ரோம எண்கள் போன்ற வெட்டுகள் தெரிந்தால் அவை அவர் கைவேலைதான், தயவுசெய்து மணல்தாளால் தேய்த்து அழித்துவிடாதீர்கள். சட்டத்தின் நடுவே ஓக் குச்சிகளை நட்டு, வில்லோ அல்லது ஹேசல் மிலாறுகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். ஊரில் வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சுவர் நனையும், காயும். மழைக்கும் வெயிலுக்கும் மரம் அசைவதால் மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய வெடிப்பு எப்போதும் இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் போகும். பக்கத்திலிருக்கும் களிமண் அந்த ஈரத்தை மரத்திடமிருந்து இழுத்து மெதுவாக வெளியே விட்டுவிடும். சீமெந்து பூசினாலும் வெடிப்பு வரத்தான் செய்யும், தண்ணீரும் போகத்தான் செய்யும். ஆனால் போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, வெடிப்புகளைச் சிலிக்கோனால் அடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் வேலைக்குப் போன ஒரு வீட்டில் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் வடிவாக இருந்தது. புது வெள்ளைச் சுவர், பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்த மரம். அத்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் அடிச்சட்டத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. பெயின்டுத் தோலுக்குள்ளே ஈரமான பழுப்புத் தூள்தான் மிச்சம். முந்திய திருத்த வேலை நடந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் அந்த மரம் நூற்றாண்டுக் கணக்கில் நின்றிருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு பொறுப்பதில்லை.

சரி, மரம் உக்கியிருந்தால் வீடே போச்சு என்று பயப்படத் தேவையில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில் புதுத் துண்டு ஒட்டுப்போடலாம். பழைய தச்சர்கள் அப்படித்தான் செய்தார்கள். களிமண்ணும் அப்படியே. பழைய மண்ணை உடைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்து, அதே சுவரில் மறுபடி அப்பலாம். அதைக் குப்பைக்கு அனுப்பக் காசு கொடுப்பது வீண்.

காசு என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். வீடு மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், நகரசபையில் அல்லது மாவட்ட நிர்வாகத்தில் இருக்கும் டெங்க்மால்ஷுட்ஸ் (மரபுக் கட்டடப் பாதுகாப்பு) அலுவலகத்துக்கு, வேலை தொடங்கும் முன்பே போய்க் கதையுங்கள். அவர்களுடன் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு செய்து சான்றிதழும் பெற்ற வேலைகளுக்கு, நீங்களே குடியிருக்கும் வீடென்றால், செலவில் வருடத்துக்கு 9 சதவீதம் வரை 10 வருடங்களுக்கு வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். வாடகைக்கு விட்டால் முதல் 8 வருடங்கள் 9 சதவீதம் வரை, அடுத்த 4 வருடங்கள் 7 சதவீதம் வரை. வேலையை முடித்துவிட்டுப் பில்லோடு போனால் இந்தச் சலுகை கிடைக்காது. அனுமதியில்லாமல் மாற்றியதற்கு அபராதமும் வரலாம்.

அப்புறம், வெளியே தெர்மோகோல் பலகை ஒட்டாவிட்டால் சட்டம் விடாது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். வீட்டின் தோற்றம் கெடும் என்றால், கட்டட எரிசக்திச் சட்டமே பாதுகாக்கப்பட்ட வீடுகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. குளிர் தாங்கவில்லையென்றால் உட்பக்கம் அளவான தடிப்பில் மரநார்ப் பலகை வைத்து, இடைவெளி விடாமல் களிமண் பூசலாம். ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவராகவே அது இருக்கும். எவ்வளவு தடிப்பு என்பதை இந்த வீடுகள் தெரிந்த ஒருவர் கணக்குப் பார்த்துச் சொல்லவேண்டும், கடைக்காரர் அல்ல.

ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் பழைய கட்டடங்களைத் திறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊரில் திறந்திருக்கும் ஃபாக்வெர்க் வீட்டுக்குப் போங்கள். அங்கே வேலை செய்த தச்சர் யார், பூச்சு வேலைக்காரர் யார் என்று கேட்டு அவர்கள் நம்பரை வாங்கிவையுங்கள். உங்கள் வீட்டுக்கு எடுத்த விலைப்பட்டியலில் சீமெந்துப் பூச்சு, சிலிக்கோன், பிளாஸ்டிக் பெயின்ட் என்று ஒரு வரி இருந்தாலும் கையெழுத்து வைக்காமல், முதலில் அந்த நம்பருக்கு எடுத்துக் கதையுங்கள்.

அன்புடன்,
களிமண் பூசும் உங்களில் ஒருவன்