எந்த வாடலைத் தாங்கும் ரகம்?

ஆசிரியருக்கு,

கொண்டைக்கடலையில் புது ரகம் வரும்போதெல்லாம் 'வாடல் நோயைத் தாங்கி வளரும்' என்று ஒரு வரி செய்தியில் சேர்ந்துவிடுகிறது. எந்த இனப் பூஞ்சாணத்தைத் தாங்கும் என்பது மட்டும் வருவதில்லை. விதைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

வாடலை உண்டாக்கும் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் சைசெரிஸ் பூஞ்சாணத்தில் 0, 1ஏ, 1பி/சி, 2, 3, 4, 5, 6 என எட்டு இனங்கள் உண்டு. 0, 1பி/சி இரண்டும் செடியை மெல்ல மஞ்சளாக்கும்; மற்றவை சாய்த்துவிடும். ஒன்றுக்கு ஈடுகொடுக்கும் மரபணு இன்னொன்றிடம் தோற்றுப்போகலாம்.

இதில் அதிகம் அலசப்பட்டது 1ஏ இனம். அதற்கு எதிராக மூன்று மரபணு இருப்பிடங்கள் அறியப்பட்டுள்ளன. தனித்தனியே அவற்றில் எதுவும் நோயைத் தடுப்பதில்லை, வாடுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஏதேனும் இரண்டு சேர்ந்தால்தான் முழு எதிர்ப்பு. அதனால்தான் தாமதமாக வாடும் இரண்டு ரகங்களைக் கலந்தபோது வாடவே வாடாத வழித்தோன்றல்கள் கிடைத்தன. ஒரே மரபணு உள்ள ரகம் இளஞ்செடியில் தப்பித்து, பூக்கும் வேளையில் சாயும். வயலை முன்கூட்டியே பார்த்துப் போனவர் அதைத் 'தாங்கும் ரகம்' என்றே எழுதிக்கொள்வார்.

இந்த மரபணுக்களில் பல ஒடுங்கு தன்மை கொண்டவை, அதாவது இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும். கலப்பில் வந்த செடியை மீண்டும் மீண்டும் மூல ரகத்தோடு கலக்கும் பிற்கலப்பில் அவை ஒரு பிரதியாக மறைந்திருக்கும். செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மரபணு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளமான குறிப்பான் இல்லையென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, நோய் மண்ணில் விதைத்துப் பார்த்தாக வேண்டும். குறிப்பான் இருந்தால் நாற்றின் இலையிலேயே தெரிந்துவிடும். மூன்று பிற்கலப்பில் சராசரியாக 93.75 சதவீதம் மூல ரகத்தின் மரபு திரும்பிவிடும். டபிள்யூ.ஆர். 315 என்ற கொண்டைக்கடலை வகையிலிருந்து 4ஆம் இனத்துக்கான எதிர்ப்பை அன்னிகேரி-1 ரகத்தில் ஏற்றி 'சூப்பர் அன்னிகேரி-1' உருவானது இந்த வழியில்தான்.

சோதனை வயலையும் கவனிக்க வேண்டும். நோய் மண் பாத்தியில் எளிதில் வாடும் ஜே.ஜி. 62 ரகத்தைச் சில வரிசைக்கு ஒரு வரிசையாக விதைப்பார்கள். அது முற்றாகச் சாகாத இடத்தில் பக்கத்து வரிசை பச்சையாக நிற்பதற்கு அர்த்தமே இல்லை; அங்கே பூஞ்சாணம் போதவில்லை. மேலும், 10 சதவீதம் வரை செடிகள் செத்தாலும் ஆய்வுக் கணக்கில் அது 'எதிர்ப்பு' ரகம்தான். வெப்பமும் கணக்கை மாற்றும்: 24 டிகிரியில் தாங்கிய சில ரகங்கள் 27 டிகிரியில் விழுந்திருக்கின்றன.

ரகத்தின் மேல் பழி போடுமுன் செடியைப் பிடுங்கி, தண்டின் அடியையும் ஆணிவேரையும் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வேரின் வெளிப்புறம் நன்றாக இருந்து, உள்ளே நீர்க்குழாய்ப் பகுதி கரும்பழுப்புக் கோடாக ஓடினால் வாடல். பிடுங்கும்போதே ஆணிவேர் முறிந்து நுனி மண்ணில் தங்கினால், பக்கவேர்களும் உதிர்ந்திருந்தால், உலர் வேரழுகல். கழுத்துப் பகுதியில் வெள்ளை நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் கழுத்தழுகல். பின்னிரண்டுக்கும் வாடல் எதிர்ப்பு மரபணுவால் எந்தப் பயனும் இல்லை. 'ரகம் ஏமாற்றிவிட்டது' என்ற புகார்களில் பல இந்தக் குழப்பத்தில் பிறப்பவை.

பயிர் சுழற்சி ஓரளவுக்கே கைகொடுக்கும். கொண்டைக்கடலையே இல்லாமலும் பூஞ்சாணம் மண்ணில் ஆறு ஆண்டு வரை உயிரோடிருக்கும். துவரை, பட்டாணி, மைசூர்ப் பருப்புச் செடிகளின் வேரிலும் அறிகுறி காட்டாமல் தங்கும். விதை வழியாகவும் பரவும் என்பதால், எதிர்ப்பு ரகமானாலும் நோயுற்ற வயலின் விதையை எடுக்கக் கூடாது. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சாணம்) அல்லது 2 கிராம் கார்பன்டாசிம் (பூஞ்சாணக்கொல்லி மருந்து) கொண்டு நேர்த்தி செய்வது எந்த ரகத்துக்கும் பொருந்தும். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும்.

புது ரகச் செய்தி வெளியிடும்போது எந்த இனத்துக்குச் சோதித்தார்கள், ஜே.ஜி. 62 எத்தனை சதவீதம் செத்த வயலில் சோதித்தார்கள் என்று கேட்டு அதையும் ஒரு வரி சேர்த்து அச்சிடும்படி தங்கள் நிருபர்களிடம் சொல்ல வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பயறுவகைப் பயிர் நோயியல் பணியாளர்கள் சிலர்