‘கார்பன் சமநிலைக் கட்டடம்’ சான்றுக்கு மீட்டர் அளவைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டட ஆற்றல் தணிக்கையாளர் ஒருவர்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கட்டட அனுமதித் துறை

பொருள்: கார்பன் சமநிலைச் சான்று தரும் முன் ஓராண்டு மின் பயன்பாட்டை அளந்து பார்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கட்டடங்களின் ஆற்றல் செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒரு கட்டடம் வெளியேற்றும் கார்பனும் அது ஈடுசெய்யும் கார்பனும் சமம் என்று சொல்லும் கார்பன் சமநிலைச் சான்று இப்போது வரைபடத்தையும் கணினிக் கணிப்பையும் மட்டும் வைத்தே தரப்படுகிறது. ஆட்கள் குடிவந்த பிறகு அந்தக் கட்டடம் உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கணினிக் கணிப்பை நான் குறை சொல்லவில்லை. வடிவமைப்பின்போது அது இல்லாமல் முடியாது. ஆனால் நாம் கொடுத்ததைத்தான் அது நம்பும். மாலை 6 மணிக்கு ஏசி நிற்கும் என்று எழுதினால் கணக்கில் நின்றுவிடும்; நிஜத்தில் ஒரே ஒருவர் வேலை பார்க்க, தளம் முழுவதும் இரவு வரை குளிர்ந்துகொண்டிருக்கும். நான் தணிக்கை செய்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் குளிரூட்டியும் சூடேற்றியும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றோடொன்று மல்லுக்கட்டியபடி. அறையின் வெப்பநிலை சரியாக இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது.

இன்னொரு சிக்கல் சோலார். 2,000 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு கட்டடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆண்டுக்கு 3,60,000 யூனிட் செலவழித்து, அதே அளவு சோலாரில் எடுக்கிறது. மற்றது 1,20,000 யூனிட் செலவழித்து, அதே அளவு எடுக்கிறது. ஆண்டுக் கணக்கில் இரண்டுமே சுழியம், சான்றும் ஒன்றே. ஆனால் சதுர மீட்டருக்கு முதலாவது 180 யூனிட், இரண்டாவது 60 யூனிட். பகலில் மிஞ்சியதை மின்கட்டமைப்புக்குக் கொடுத்துவிட்டு, இரவில் அங்கிருந்தே வாங்குகிறார்கள். அந்த இரவு மின்சாரம் நிலக்கரியில் வந்தது என்றால் ‘சமநிலை’ எங்கே இருக்கிறது? அதனால் சோலாரைக் கழிப்பதற்கு முன் உள்ள எண்ணைத் தனியே எழுத வேண்டும். கட்டடத்தின் திறனைச் சொல்வது அந்த எண்தான்.

இது எங்கும் நடக்காத காரியமல்ல. ஆஸ்திரேலியாவின் நாபர்ஸ் மதிப்பீடு, இயங்கும் கட்டடத்தின் 12 மாத உண்மையான பயன்பாட்டை வைத்தே நட்சத்திரம் தருகிறது. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடங்களுக்காக ஜெர்மனியில் பிறந்த பாசிவ் ஹவுஸ் முறையில், உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் காற்றுக்கசிவைச் சோதிக்கிறார்கள், மணிக்கு 0.6 காற்றுமாற்றத்துக்கு மேல், அதாவது கட்டடத்துக்குள் உள்ள காற்றின் அளவில் 0.6 பங்குக்கு மேல் போகக்கூடாது. வாசலில் விசிறி பொருத்திச் செய்யும் எளிய சோதனைதான் அது. பூச்சுவேலைக்கு முன்பே செய்தால் ஓட்டைகளை அப்போதே அடைத்துவிடலாம்.

கட்டுமானப் பொருட்களின் கார்பனையும் மறக்க முடியாது. சிமெண்ட் சூளையில் எரிபொருள் மட்டுமல்ல, சுண்ணாம்புக்கல்லும் சிதைந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. கட்டடம் திறக்கும் முன்பே இந்தக் கடன் ஏறிவிடுகிறது; பின்னாளில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தாலும் அது காற்றில் கலந்தது கலந்ததுதான். 2024-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டட நெறிமுறை, கட்டுவது முதல் இடிப்பது வரையான முழு ஆயுட்காலக் கார்பன் கணக்கை 2028 முதல் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கும், 2030 முதல் எல்லாப் புதிய கட்டடங்களுக்கும் கேட்கிறது.

எனவே, வரைபடத்தின் பேரில் தரும் சான்றைத் தற்காலிகமானதாக வைத்து, கட்டடம் ஓரளவு நிரம்பிய பின் 12 மாத மீட்டர் அளவைப் பார்த்தே நிரந்தரச் சான்று வழங்க வேண்டுகிறேன். ஏசி, விளக்கு, லிஃப்ட், வெந்நீர் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துணைமீட்டர் பொருத்துவதை அனுமதி நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும்; கட்டி முடித்த பின் கம்பிகளைப் பிரிப்பது பெரும்பாடு. பொருட்களின் கார்பனை மின் கணக்கோடு கலக்காமல் தனிப் பத்தியில் காட்டச் சொல்லுங்கள். கணிப்புக்கும் அளவுக்கும் இடைவெளி இருந்தால் உடனே தண்டிக்க வேண்டாம், சரிசெய்ய ஓராண்டு கொடுக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் சான்றைத் திரும்பப் பெறலாம்.

துறை அழைத்தால், துணைமீட்டர் வரைபடத்தோடும் மாதிரிப் படிவத்தோடும் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்