படகு வீட்டுல தண்ணி, கரண்ட், அந்த டப்பா

அடியே, எப்படி இருக்க? உன் லெட்டர் வந்துச்சு. படகுலயா குடித்தனம், கக்கூஸுக்கு எங்கடி போவீங்கன்னு எடுத்த எடுப்புலயே கேட்டிருக்க. இங்க படகுக்காரங்க ரெண்டு பேர் நின்னு பேசினாலும் கொஞ்ச நேரத்துல அந்தப் பேச்சுக்குத்தான் வருவாங்க.

இப்போ பெர்க்கம்ஸ்டெட் பக்கம் நிக்கறோம், லண்டன்ல இருந்து பர்மிங்ஹாம் போற கிராண்ட் யூனியன் கனால்ங்கிற கால்வாய்ல. படகைக் கட்டி நிறுத்த எங்களுக்குன்னு சொந்தமா இடம் இல்ல, அப்படிப்பட்டவங்க ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல நிக்கக்கூடாதுன்னு 1995ல சட்டம் போட்டிருக்காங்க, அதனால நகர்ந்துகிட்டே இருக்கணும், அடுத்த தண்ணிக் குழாய் எங்கன்னு பாத்துதான் கிளம்புவோம்.

கக்கூஸ் விஷயம் இதுதான். சீட்டுக்கு அடியில சூட்கேஸ் மாதிரி ஒரு டப்பா, 20 லிட்டர் இருக்கும், ரெண்டு பேருக்கு மூணு நாலு நாள்ல நிறைஞ்சிரும். அதை உருவி எடுத்து, கரையில எல்சான்னு ஒரு இடம் இருக்கும், அங்க கொண்டுபோய் கொட்டிக் கழுவணும். முதல் தடவை நான் தூக்கிட்டுப் போனப்ப நம்ம தெருவுல செப்டிக் டேங்க் எடுக்க வருவாரே ஒரு அண்ணன், அவர் ஞாபகம் வந்துச்சுடி. அத்தனை வருஷம் பாத்தோம், அவர் பேரு என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல.

சிங்க்ல, குளியல்ல ஊத்தறது மட்டும் நேரா கனாலுக்குத்தான் போகுது. ஜன்னல் பக்கத்துலயே வாத்து நீந்துது, எப்படிடி கண்ட சோப்பையும் ஊத்த முடியும். எண்ணெய்ச் சட்டிய பேப்பர்ல துடைச்சிட்டுத்தான் கழுவறேன்.

தண்ணி டேங்க் படகு முன்னாடி இருக்கு, 400 லிட்டர் பிடிக்கும், பாத்துப் புழங்கினா ஒரு வாரத்துக்கு மேல வரும். நனைச்சிக்கோ, மூடு, சோப்பு போடு, திற, இவ்ளோதான் குளியல். 2003ல சென்னைல மெட்ரோ வாட்டர் தண்ணி லாரிக்குக் குடத்த வரிசையில வச்சிட்டு நின்னோமே, அந்தப் பழக்கம்தான் இப்ப கைகொடுக்குது. போன ஜனவரில கரையில இருக்கிற குழாயே உறைஞ்சு போச்சு, கேன்ல பிடிச்சு வச்சிருந்த தண்ணிலதான் அஞ்சு நாள் ஓட்டினோம்.

கரண்ட்தான் பெரிய பாடு. ஜூன்ல சோலார் தாராளம், டிசம்பர்ல சுத்தமா நம்ப முடியாது, எஞ்சின் ஓட்டித்தான் பேட்டரி ஏத்தணும், அதுவும் கரையில கட்டி நிக்கறப்ப ராத்திரி எட்டுல இருந்து காலைல எட்டு வரைக்கும் ஓட்டக்கூடாது. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கக்கூடாதுன்னு தெரியாம முதல் குளிர்காலத்துலயே ஒரு செட்டு போச்சு, அழுகையே வந்துருச்சு. இப்ப மீட்டர் பாக்காம ஸ்விட்ச்சுல கை வைக்கறதில்ல. மாவு அரைக்கிறது பகல்ல எஞ்சின் ஓடறப்ப மட்டும்தான்.

மே மாசம் வாடி, வெளிச்சம் ராத்திரி ஒம்பது வரைக்கும் இருக்கும், ரெண்டு பேரும் மேல உக்காந்து பேசலாம். வரப்போ உங்கம்மாவோட அந்தச் சின்ன கல்லுரல் இன்னும் இருந்தா கேட்டு எடுத்துட்டு வா. சட்னிக்கு மிக்ஸி போடாம சமாளிச்சிடுவேன்.