எக்கோ ரிப்போர்ட்டில் எண் மாறியது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு ரிப்போர்ட்டுகளின் படம் சுற்றிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள். எங்களிடம் எடுத்த எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இ.எஃப். 52 சதவீதம், சில நாள் கழித்து வேறோர் இடத்தில் 58. "இதில் எது பொய்?" என்று ஒருவர் கேட்க, "பயமுறுத்திக் காசு பிடுங்கத்தான் குறைத்துப் போடுகிறார்கள்" என்று இன்னொருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அந்த வரிதான் சுருக்கென்று தைத்தது. எங்களிடம் மருந்துக்கடை கிடையாது, ஆஞ்சியோ கிடையாது. எண்ணைக் குறைத்துப் போட்டு எங்களுக்கு என்ன வரப்போகிறது?

இரண்டும் பொய் இல்லை. இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதுதான் இ.எஃப். பல மெஷின்கள் அதைத் தானாகச் சொல்லிவிடாது. படத்தை நிறுத்தி, அறை நன்றாக விரிந்தபோது ஒருமுறை, சுருங்கியபோது ஒருமுறை, உள்சுவரை ஒட்டிக் கோடு வரைய வேண்டும். அதையே இன்னொரு கோணத்திலும் செய்ய வேண்டும். நுரையீரல் குறுக்கே வந்தால் சுவர் மங்கிவிடும், அந்த இடத்தில் கை அனுமானத்தில்தான் போகும். நெஞ்சில் வைக்கும் புரோப் கொஞ்சம் மேலே இருந்தாலும் இதயத்தின் நுனி வெட்டுப்பட்டு அறை குட்டையாகத் தெரியும். அன்றைய பிரஷரும் நாடித்துடிப்பும்கூட எண்ணை மாற்றும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்குப் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்கிறோம், அதனால்தான் அவர்களுக்கு நேரமாகிறது.

இன்னொன்று. சுற்றும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்களுடையதில் 'பைபிளேன் சிம்ப்சன்', அதாவது மேலே சொன்ன, இரண்டு கோணத்தில் கோடு வரையும் முறை; மற்றதில் 'எம் மோடு'. பின்னது ஒரே கோட்டில் விட்டத்தை அளந்து கன அளவை ஊகிக்கும் முறை. விட்டத்தில் ஒரு சதவீதம் பிசகினால் கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் பிசகும். அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் சிம்ப்சன் முறையைத்தான் பரிந்துரைக்கிறது. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை இயல்பு என்பதும் அதிலேயே இருக்கிறது. அப்படியானால் அந்த அன்பருக்கு இரண்டு எண்ணுமே இயல்புதானே!

சாதாரண 2டி எக்கோவைத் திரும்ப எடுத்தால் ஐந்தாறு புள்ளி ஏறி இறங்குவது உலகம் முழுக்க உள்ளதுதான். இதயத்தைப் பாதிக்கக்கூடிய புற்றுநோய் மருந்து எடுப்பவர்களிடம்கூட, பொதுவாகப் பத்துப் புள்ளி இறங்கி 50-க்குக் கீழே போனால்தான் இ.எஃப். குறைந்துவிட்டதாக டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். அதனால்தான் தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களிடம் ஒரே இடம், ஒரே மெஷின், முடிந்தால் ஒரே கை என்று சொல்கிறோம்.

படம் பரவிய பிறகும் வழக்கம்போல வந்தவர்களுக்கும், குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அப்பா காலத்தில் வந்தவர்கள் இப்போது பிள்ளைகளையும் அழைத்து வருகிறீர்கள். அதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம், எக்கோ பார்த்துவந்த தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதியவர் வந்துவிட்டார், ஞாயிறு எக்கோ மட்டும் இப்போதைக்கு இல்லை.

வரும்போது பழைய ரிப்போர்ட்டோடு சிடியையும் எடுத்து வாருங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அளந்து தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கேன் சென்டர் உரிமையாளர்