அந்தக் கப்பியை மாட்டியது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்திலிருந்து மீள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. அதில் தெரபிஸ்ட் திட்டம் போட்டுத் தருவார், உதவியாளர் பயிற்சிகளைச் செய்ய வைப்பார் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அது தவறில்லை. ஆனால் அந்தச் 'செய்ய வைப்பார்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு பொறுப்பு அடங்கியிருக்கிறது என்பதை அந்த வேலையைச் செய்கிறவள் சொன்னால்தான் தெரியும். நான் 22 வருடமாக ஆக்குபேஷனல் தெரபி உதவியாளராக இருக்கிறேன்.

எங்கள் துறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சட்டை போடுவது, குளிப்பது, பொத்தான் மாட்டுவது, பேனா பிடிப்பது என்று நோயோ விபத்தோ பறித்துக்கொண்ட அன்றாட வேலைகளை ஒருவர் மறுபடியும் தானே செய்யும்படி வழிகாட்டுவது ஆக்குபேஷனல் தெரபி. நோயாளியை மதிப்பிட்டு இலக்குகளைத் தீர்மானிப்பவர் தெரபிஸ்ட். அவருடைய மேற்பார்வையில் அந்தத் திட்டத்தை நாள்தோறும் நடத்துகிறவர்கள் நாங்கள். இலக்கை எங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஆனால் நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் நாங்கள்தான். அவர் முகம் சுளிப்பதை முதலில் பார்ப்பதும் நாங்கள்தான்.

நான் சொல்ல வந்தது என் சொந்தத் தவறைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம். கடிகாரம் பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவர் வந்தார். பக்கவாதம், இடது பக்கம் செயலிழந்திருந்தது. வலது கைக்காரர்தான் என்றாலும் கடிகாரத்தை அசையாமல் பிடிப்பது இடது கை அல்லவா? அந்தக் கை திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. தெரபிஸ்ட் எழுதிய திட்டத்தில் தோள்மூட்டின் அசைவைப் பேண வேண்டும் என்று இருந்தது. எந்த முறையில் என்பதை என்னிடம் விட்டிருந்தார். நான் கப்பியை எடுத்தேன். தலைக்கு மேலே ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் இரு முனையிலும் கைப்பிடி. நல்ல கையால் இழுத்தால் செயலிழந்த கை தானாக மேலே போகும். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கூட வேலை செய்த எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரம் அவருக்குத் தோள் வலி ஆரம்பித்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றார். நான் குறிப்பேட்டில் 'வலி இருப்பதாகச் சொன்னார், பயிற்சி தொடர்ந்தது' என்று எழுதினேன். அந்த வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வலியை எழுதியிருக்கிறேன், ஆனால் அது ஏன் வந்தது என்று தெரபிஸ்டிடம் போய்க் கேட்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தோள் வலி சகஜம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துத் தோள்மூட்டைப் பற்றி ஒரு நாள் வகுப்பு நடந்தது. கட்டாயமாகப் போகவேண்டிய வகுப்புகளின் மணிநேரக் கணக்கு பாக்கி இருந்ததால்தான் போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பெடுத்தவர் ஓர் எலும்புக்கூட்டு மாதிரியை வைத்துக் காட்டினார். கையை மேலே தூக்கும்போது மேற்கை எலும்பு மட்டும் நகர்வதில்லை, பின்னால் இருக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல்கிறது. ஏறத்தாழ இரண்டு பங்கு மேற்கை, ஒரு பங்கு தோள்பட்டை. தசை செயலிழந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு அப்படிச் சுழல்வதில்லை, மேற்கையும் வெளிப்பக்கமாகத் திரும்புவதில்லை. அந்த நிலையில் கயிற்றைக் கட்டி மேலே இழுத்தால் நடுவில் இருக்கும் மென்மையான திசுக்கள் எலும்புக்கும் எலும்புக்கும் இடையே நசுங்குகின்றன. 1990இல் வெளியான ஓர் ஆய்வையும் அவர் சொன்னார். 28 நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு. கப்பியில் பயிற்சி செய்த நோயாளிகளில் 62 சதவீதம் பேருக்குத் தோள் வலி வந்தது. தெரபிஸ்ட் தன் கையால் தாங்கி அசைத்துவிட்ட நோயாளிகளில் 8 சதவீதம் பேருக்குத்தான். அதன் பிறகு வந்த பக்கவாதச் சிகிச்சை வழிகாட்டிகளும் தலைக்கு மேலான கப்பியைத் தவிர்க்கச் சொல்கின்றன.

அந்த ஆய்வு நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு முன்பே வந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்துகொள்ள நான் எதுவுமே செய்யவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை தெரபிஸ்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெரியவருக்கும் சொல்ல வேண்டும், நீயும் கூட இரு என்றார். இருவரும் சொன்னோம். "கப்பியை மாட்டியது நான்தான் ஐயா. வலிக்குத் தொடக்கத்திலிருந்தே வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் நான் செய்தது அதைக் கூட்டியிருக்கும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏம்மா, நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார். அதனால்தான் சொன்னேன் ஐயா என்றேன். வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றே கப்பியைக் கழற்றிவிட்டோம். மேசையின் மேல் துணியை விரித்து, கையை அதில் வைத்து வழுக்கிச் செல்லும் பயிற்சிக்கு மாறினோம். வலி குறைய வெகு நாளானது. முழுதாகப் போனது என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் தொழிலின் நெறி என்று ஒன்று எழுதியே இருக்கிறது. 1952இல் தொடங்கிய உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் நெறிக்கோவை, வாழ்நாள் முழுக்கக் கற்பதைத் தொழிலின் பகுதியாகவே வைக்கிறது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் நெறிக்கோவை தெரபிஸ்டுக்கு மட்டுமல்ல, உதவியாளருக்கும் மாணவருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நீதி, உண்மை, நம்பகம் என்று ஆறு கோட்பாடுகள் அதில் உண்டு. பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்தேன். தீங்கு செய்யாமை என்றால் நோயாளியை அடிக்காமல் திட்டாமல் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். படிக்காமல் இருப்பதும் தீங்குதான் என்று எனக்குப் புரிய ஒரு மனிதரின் தோள் வலிக்க வேண்டியிருந்தது.

படிப்பது என்று நான் சொல்வது சான்றிதழ் சேர்ப்பதை அல்ல. அமெரிக்காவில் சான்று பெற்ற உதவியாளர்கள் அதைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்கு 36 தொடர்கல்வி அலகுகள் காட்ட வேண்டும். வேறு நாடுகளில் வேறு கணக்கு. கணக்கு இருப்பது நல்லதுதான், அது இல்லாவிட்டால் நானே அந்த வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன். ஆனால் இணைய வகுப்பை ஓடவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு, கடைசியில் வரும் பத்துக் கேள்விக்குத் தோராயமாக விடையைத் தட்டிச் சான்றிதழ் எடுப்பவர்களை நான் பார்க்கிறேன். அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைக்கும்போது 'எனக்கு இது தெரியும்' என்று கையெழுத்துப் போடுகிறோம். தெரியாததற்கு அப்படிக் கையெழுத்துப் போடலாமா?

அந்தப் பெரியவருக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு நோயாளி, அவரைப் பற்றி எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி. நோட்டில் எழுதி வைத்து, தெரபிஸ்டைச் சந்திக்கும்போது கேட்பேன், இல்லையென்றால் தேடிப் படிப்பேன். கையைச் சரியான நிலையில் தாங்க மாட்டும் ஸ்ப்ளின்டைக் கழற்றியபின் தோலில் சிவப்பு எவ்வளவு நேரம் இருந்தால் கவலைப்பட வேண்டும்? இவர் தட்டின் இடது பாதியைத் தொடாமல் விடுவது பார்வைக் குறையா, மூளை அந்தப் பக்கத்தையே கவனிக்காமல் விடுவதா? ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நான் நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நின்று பாருங்கள் என்று தெரபிஸ்டிடம் நானே கேட்பேன். இத்தனை வருடம் ஆகியும் போன முறை ஒரு திருத்தம் சொன்னார். என் பிடி நோயாளியின் அக்குளுக்கு ஏறிவிடுகிறதாம். எனக்குத் தெரியவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது சொல்லக் கஷ்டமானது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 25 நிமிடம் நடந்த சிகிச்சையை 40 நிமிடம் என்று எழுதச் சொன்னார்கள். எல்லோரும் எழுதுகிறார்கள், நீ மட்டும் என்ன என்றார்கள். நான் 25 என்றே எழுதினேன். அடுத்த மாதம் என் வேலை நேரம் யாருக்கும் வசதிப்படாத நேரமாக மாறியது. அங்கே இருந்த இளம்பெண் ஒருத்தி 40 என்று எழுதினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். வரிசையில் கடைசியில் நிற்கிறவர்கள் நாங்கள். நெறி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், அதைக் காப்பாற்ற ஆகும் விலை எங்களுக்குக் கூடுதல். மேலே இருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதமாக நோயாளியைப் பார்க்காமலே எங்கள் குறிப்பில் மேற்பார்வைக் கையெழுத்துப் போடுவதும் அதே பொய்தான்.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே, தெரபிஸ்டும் உதவியாளரும் உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேசட்டும். படிப்புக்கான நேரத்தை எங்கள் விடுமுறையில் இருந்து பிடிக்காதீர்கள்.

உங்கள் வாசகர்களில் யாராவது வீட்டில் ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போனால், தயங்காமல் கேளுங்கள்: இந்தத் திட்டம் யார் போட்டது? அவர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்? இந்தப் பயிற்சி எதற்கு? வலித்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? இப்படிக் கேட்டதற்காக எந்த நல்ல உதவியாளரும் கோபப்படமாட்டார். அன்று அந்தப் பெரியவரின் வீட்டார் யாராவது கப்பியைக் காட்டி இது எதற்கு என்று என்னிடம் கேட்டிருந்தால், எனக்குப் பதில் தெரிந்திருக்காது. தெரபிஸ்டிடம் போய்த்தான் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்