ஓபோ வந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் இசைக்கலைஞர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதற்கண் அஞ்சலி. யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்த நம் சங்கத்தின் மூத்த கலைஞரை இந்த ஆண்டு இழந்தோம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் விரலும் மூச்சும் தாங்கும் அளவுக்கு நோட்டேஷனை எளிதாக்கித் தம் கையாலேயே எழுதிக் கொடுப்பவர் அவர். அந்தத் தாள்கள் நம் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இன்றும் அவற்றை வைத்தே பாடம் நடக்கிறது.

மாதக் கூட்டங்களும் சனிக்கிழமைப் பயிற்சிகளும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டின் பெரிய செய்தி, நம் குழுவுக்குள் ஓபோ என்ற, நாணல் வைத்து ஊதும் மேற்கத்திய மரக்கருவி வந்ததுதான். நம் மாவட்டத்தில் வயலினுக்கும் கீபோர்டுக்கும் குறைவில்லை. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு வளர்த்த பித்தளை இசைக்குழு மரபினால் கார்னெட்டும் டெனார் ஹார்னும் யூஃபோனியமும் பல குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை. ஆனால் அந்த அணியில் நாணல் வைத்து ஊதும் கருவிக்கு இடமில்லை. டிசம்பர் தோறும் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸைப் பாடுகிறோம். அதில் பெரும்பாலும் சோப்ரானோ குரலோடு சேர்ந்து செல்ல வேண்டிய ஓபோவை இதுவரை கீபோர்டின் ஒரு பொத்தானிடம் ஒப்படைத்திருந்தோம். சென்னையில் ஓபோ பயின்று ஊர் திரும்பிய நம் உறுப்பினர் ஒருவர் இந்த டிசம்பரில் அதை வாசித்தார். சோப்ரானோ வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் நடந்து வருவதாகச் சொன்னார்கள்.

சுருதி சேர்ப்பதிலும் ஒழுங்கு வந்திருக்கிறது. உலகெங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஓபோ தரும் 'ஏ' சுரத்துக்கே பெரும்பாலும் சுருதி சேர்க்கின்றன. அந்த ஒலி கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு கேட்கும், நிலையாகவும் நிற்கும். ஆளுக்கொரு செல்போன் ட்யூனரைப் பார்த்து முறுக்கிக்கொண்டிருந்த நம் வயலின் பிள்ளைகள் இப்போது வாயை மூடிக் காதைத் திறந்து அந்த ஒரு சுரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

பள்ளி மாணவர்களுக்காக, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபியேவ் 1936-இல் குழந்தைகளுக்கென்றே எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' படைப்பிலிருந்து சில பகுதிகளை வாசித்தோம். அதில் கதையின் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன். பசூன் நம்மிடம் இல்லாததால் யூஃபோனியம் தாத்தாவானது. வாத்தின் மெட்டு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, இது நாயனமா என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. இரண்டும் இரட்டை நாணல் கருவிகள். இரண்டுக்கும் கூம்பு வடிவத் துளை.

அந்தக் கேள்விதான், நாயனத்தின் ஊது நாணலான சீவாளி பற்றிய பட்டறைக்கு வித்திட்டது. ஓபோ வாசிப்பவருக்குக் கருவியைவிடப் பெரிய கவலை ரீட் எனப்படும் அதன் ஊது நாணல். வெளிநாட்டு ரீட் விலை அதிகம், வந்து சேர நாளாகும், வந்தாலும் நம் கடற்காற்றின் ஈரத்தில் ஊறிக் குணம் மாறிவிடும். எனவே சுசீந்திரம் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வர வித்வானை அழைத்தோம். தம் கருவியில் கட்டித் தொங்கவிட்டிருந்த சீவாளிக் கொத்தை அவிழ்த்து மேசையில் பரப்பினார். பக்கத்தில் நம் உறுப்பினரின் ரீட்கள். நாதஸ்வரச் சீவாளி விசிறிபோல் அகன்று, கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் அமர்கிறது. ஓபோ ரீட் ஒடுங்கி, கார்க் சுற்றிய உலோகக் குழாயில் நூலால் இறுக்கிக் கட்டப்படுகிறது. வித்வான் ஓபோ ரீடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒரு பக்கத்து நாணல் இதழ் தடித்திருப்பதை உடனே காட்டினார். அந்த இடத்தில் கத்தியை மிக லேசாக ஓட்டிய பிறகு, மேல் சுரங்களில் அதுவரை வராத ஒலி வந்தது. தென் பிரான்ஸின் நாணலுக்கும் காவிரிக்கரையின் நாணலுக்கும் ஒரே கைப்பக்குவம் போதுமானதாக இருந்ததை அன்று எல்லோரும் பார்த்தோம். நம் உறுப்பினர் இப்போது நூல் கட்டி, நுனி சீவி, தம் ரீடைத் தாமே செய்துகொள்கிறார். வித்வானுக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் ஒரு திருமண மண்டபத்தில் வாசித்தோம். வெளியே வறண்ட வெப்பம், உள்ளே கடுங்குளிர். ஓபோவின் மேல் துண்டில் முடியளவு விரிசல் விட்டது. ஆப்பிரிக்கக் கருங்காலி மரம் உறுதியானதுதான். ஆனால் திடீரென்று மாறும் வெப்பத்தையும் ஈரத்தையும் அது பொறுக்காது. சென்னைக்கு அனுப்பிச் சரிசெய்தோம். மரக்கருவிக்காரர்கள் மண்டபத்துக்குள் வந்ததும் ஊதத் தொடங்காமல், கருவியை உடலோடு அணைத்துச் சற்றுச் சூடேற்றிக்கொள்ள நேரம் தர வேண்டும் என்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களிடம் இனி முன்கூட்டியே எழுத்தில் கேட்போம். இடைவேளையில் துளைகளை மூடும் கீ அடியில் நீர் கோத்தால் உறிஞ்சி எடுக்க, சிகரெட் சுற்றும் மெல்லிய தாளையும் சங்கமே வாங்கி வைத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய வருத்தம், பதிவு செய்த இசையை ஓடவிட்டுப் பாடும் வழக்கம் நம் பாடகர் குழுக்களில் பரவுவது. செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் காத்திருக்க அந்தப் பதிவுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கு வாசிக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. ஆலயப் பொறுப்பாளர்களைத் தலைவரும் நானும் நேரில் சந்தித்துப் பேசி வருகிறோம். சில இடங்களில் பண்டிகை ஆராதனைகளுக்கு மீண்டும் நேரடி வாசிப்பு வந்திருக்கிறது.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். மொசார்ட் 1781-இல் மியூனிக்கில் ஃபிரீட்ரிஷ் ராம் என்ற ஓபோ கலைஞருக்காக எழுதிய குவார்டெட். ஓபோ, வயலின், வயோலா, செல்லோ, நான்கே பேர். மூன்று பேர் தயார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா மட்டும் வேண்டும். வயலின் வாசிக்கும் மூத்த மாணவர்களில் ஒருவர் வயோலாவுக்கு மாற முன்வந்தால், கருவியைச் சங்கமே வாங்கித் தரச் செயற்குழு ஒப்புதல் அளித்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்